இரண்டு நாள் ட்ராமா பயிற்சி: யாரிடம் தங்குகிறது, யாரிடம் கரைகிறது?

கேள்வி இதுதான்: ஒரே மாவட்டத்து டாக்டர்கள் இருவர் ஒரே ட்ராமா (படுகாயச் சிகிச்சை) பயிற்சிக்குப் போகிறார்கள், ஒரே ஆசிரியர்களிடம் கற்கிறார்கள், இருவருமே தேர்ச்சி பெறுகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் ரெட் ஜோனில் (உயிராபத்தில் வருபவர்களைப் பார்க்கும் அவசரப் பகுதியில்) பதற்றமில்லாமல் வேலை பார்க்கிறார். இன்னொருவர் பயிற்சிக்கே போகாதவர் மாதிரி நிற்கிறார். இது திறமையா, அக்கறையா, இல்லை பயிற்சியின் கோளாறா?

பெரும்பாலும் முதல் இரண்டும் இல்லை. பயிற்சிக்குப் போகும்போது அவர் தலையில் ஏற்கெனவே என்ன இருந்தது, பயிற்சியில் அவருடைய கை எத்தனை தடவை வேலை செய்தது, திரும்பி வந்தபின் எத்தனை நாளில் அதே வேலை அவர் முன்னால் வந்து நின்றது என்ற மூன்றும்தான் பெரும்பங்கைத் தீர்மானிக்கின்றன. இதில் மூன்றாவதுதான் மிகக் கனமானது. பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறவர்கள் கணக்கிலேயே எடுக்காததும் அதுதான்.

ஏ.டி.எல்.எஸ். (Advanced Trauma Life Support) என்ற ட்ராமா பயிற்சி பிறந்த கதையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1976-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை நிபுணர் ஓட்டிய சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார், நான்கு குழந்தைகளில் மூவர் படுகாயமடைந்தார்கள். அருகிலிருந்த சிறு மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் தரம் அவரை உலுக்கியது. 1978-ல் முதல் பயிற்சி நடந்தது, 1980-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. இந்தியாவுக்கு அது வந்தது 2009-ல், டெல்லி எய்ம்ஸின் ட்ராமா சென்டர் வழியாக. ஆக, எப்போதோ ஒரு தடவை மட்டும் படுகாயக்காரரைப் பார்க்கும் சிற்றூர் டாக்டருக்காக உருவான பயிற்சி இது. ஆனால் கற்றதைச் சீக்கிரம் மறப்பவரும் அந்தச் சிற்றூர் டாக்டர்தான், பயன்படுத்த வாய்ப்பு வராததால்.

இது வெறும் ஊகம் இல்லை. டொராண்டோவின் அறுவை மருத்துவர் ஜமீல் அலியின் குழு 1990-களிலிருந்து இதைத் தொடர்ந்து ஆராய்ந்தது. ஏட்டறிவு ஆறாவது மாதத்திலேயே சரியத் தொடங்குகிறது. கைத்திறனும் ஆண்டுகள் போகப்போகத் தேய்ந்துவிடுகிறது. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசைதான் எல்லாவற்றையும்விட நீண்ட நாள் நிற்கிறது. இன்னொன்றையும் கண்டார்கள்: ஆண்டுக்கு 50-க்கும் மேற்பட்ட ட்ராமா நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்களிடம் தேய்மானம் தெளிவாகக் குறைவு. ஏ.டி.எல்.எஸ். சான்றிதழ் நான்கு ஆண்டு செல்லும் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்தில் பாதிக்கும் மேல், அறிவு ஏற்கெனவே தேய்ந்துபோன காலம்.

நம் மாநிலத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ரெட் ஜோனில் டியூட்டி பார்ப்பவருக்கு 50 நோயாளி என்பது சில வாரக் கணக்கு. தாலுகா மருத்துவமனையில் இருப்பவருக்குப் படுகாயம் வந்தாலும், காற்றுப்பாதையைப் பார்த்து, லைன் (ரத்தக்குழாயில் திரவம் ஏற்றும் குழாய்) போட்டு, 108-ல் ஏற்றி அனுப்புவதோடு அவர் பங்கு முடிந்துவிடுகிறது. 2021 டிசம்பரில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கிய பிறகு சாலையோர ஊர்களின் தனியார் மருத்துவமனைகளுக்கும் இந்த நோயாளிகள் நேரடியாக வருகிறார்கள். அங்கே இரவு டியூட்டியில் பெரும்பாலும் இளம் டாக்டர் ஒருவர்தான். இவர்களுக்கு ரெட் ஜோன் டாக்டருக்குக் கொடுக்கும் அதே பயிற்சியை அதே அளவில் கொடுத்துவிட்டு, அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பயிற்சி முடிந்த மறுமாதமே கண் வார்டுக்கோ தடுப்பூசி முகாமுக்கோ மாற்றிவிட்டால், செலவழித்த இரண்டு நாளும் வீண்.

இனி முதல் காரணத்துக்கு வருகிறேன். புதிதாகக் கற்பவரைவிட, பழையதை மறக்க வேண்டியவருக்குத்தான் பயிற்சி கடினம். அழுத்தத்தோடு நெஞ்சில் காற்று அடைத்திருந்தால் ஊசி போட வேண்டிய இடம் காலர் எலும்புக்குக் கீழே இரண்டாவது விலா இடைவெளி என்றுதான் பல தலைமுறை டாக்டர்கள் படித்தார்கள். 2018-ல் வந்த ஏ.டி.எல்.எஸ். கையேட்டின் பத்தாம் பதிப்பு பெரியவர்களுக்கு அதை நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளிக்கு, அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால், மாற்றியது. முன்பக்க மார்புச் சுவர் தடிமனாக இருப்பவர்களில் ஊசி உள்ளே எட்டாமல் போவதுதான் காரணம். குழந்தைகளுக்குப் பழைய இடமேதான். கையில் கிடைக்கும் சாதாரண வென்ஃப்ளான் (லைன் போடும் ஊசிக்குழாய்) 5 செ.மீ. கூட இருக்காது. அந்த நீளம் பாதிப் பேருக்குத்தான் எட்டும், 8 செ.மீ. ஊசி என்றால் பத்தில் ஒன்பது பேருக்கு எட்டிவிடும். அதே போல ஆரம்பத்தில் இரண்டு லிட்டர் சலைன் என்பது ஒரு லிட்டராகக் குறைந்து, அதற்கு மேல் ரத்தம் என்றாகிவிட்டது. இருபது வருட அனுபவம் உள்ளவர் வகுப்பில் புதியதைச் சரியாக எழுதுவார். இரவு இரண்டு மணிக்கு அவர் கை பழைய இடத்துக்குத்தான் போகும். இதற்கு ஒரே மருந்து, 'முன்பு இப்படிச் செய்தோம், இப்போது ஏன் மாற்றினோம்' என்று பழையதைப் பெயர் சொல்லி எடுத்து வைத்து, அதன் மேலேயே புதியதைச் செய்யவைப்பது. புதியதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பழையது அப்படியே அடியில் கிடக்கும்.

துறைப் பழக்கமும் இதே வகைதான். எலும்பு டாக்டரின் கண் தொடை எலும்பு முறிவுக்குப் போகும், நரம்பு அறுவை டாக்டரின் கண் கண்மணிக்குப் போகும். இருவருமே திறமைசாலிகள்தான். ஆனால் மூச்சுக்குழாய் அடைபட்டவருக்கு முதல் இரண்டு நிமிடத்தில் தேவைப்படுவது வேறு. நோயாளியிடம் பெயரையும் என்ன நடந்தது என்பதையும் கேட்பதே முதல் பரிசோதனை. தெளிவாகப் பதில் சொன்னால் காற்றுப்பாதை திறந்திருக்கிறது, மூச்சு பேசும் அளவுக்கு இருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று பத்து வினாடியில் தெரிந்துவிடும். இதைப் பழக்கமாக்க, எல்லா ஒத்திகையையும் இந்தக் கேள்வியில்தான் தொடங்கவைக்க வேண்டும். இரண்டு ஒத்திகையில் செய்துவிட்டு மூன்றாவதில் விட்டுவிட்டால் பழக்கம் பிடிக்காது.

கைவேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சிகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். ஐ.சி.டி. (நெஞ்சுக்குள் சேர்ந்த காற்றையும் ரத்தத்தையும் வெளியேற்றும் குழாய்) போடுவதை எடுத்துக்கொள்வோம். ஸ்லைடில் ஐந்து வரி. கையில் அது பதினைந்து சின்னச் சின்ன முடிவு. படுத்திருக்கும் நோயாளியில் ஐந்தாவது இடைவெளியைத் தொட்டு எண்ணுவது, கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று செ.மீ. கீறுவது, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை மூடி உள்ளே செலுத்தி விரித்து வெளியே எடுப்பது, ப்ளூராவை (நெஞ்சுக்கூட்டின் உள்சவ்வை) துளைக்கும்போது கருவி சறுக்கி ஆழமாகப் போகாமல் மற்ற கையால் தடுத்துப் பிடிப்பது, பிறகு விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று தடவிப் பார்ப்பது, 28 முதல் 32 அளவுக் குழாயைப் பின்பக்கமாகவும் மேல்நோக்கியும் நகர்த்துவது, கடைசித் துளை உள்ளே போய்விட்டதா என்று பார்ப்பது. நடக்கும் தவறு ஏறக்குறைய எப்போதும் இந்த நான்கில் ஒன்றுதான்: இடம் கீழே போய் ஈரலையோ மண்ணீரலையோ நோக்கி நுழைவது, விரல் விட்டுப் பார்க்காமல் குழாயைத் தள்ளி அது தோலுக்கடியிலேயே ஓடுவது, கடைசித் துளை வெளியே நின்று காற்று கசிவது, ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது குழாயின் மறுமுனையில் இருக்கும் பாட்டிலை நோயாளியின் மார்புக்கு மேலே தூக்கிவிடுவது.

இந்த நான்கு தவறையும் கற்பவர் ஒரு தடவையாவது தன் கையால் செய்து, அங்கேயே திருத்தப்பட்டால்தான் பாடம் ஏறும். இதற்குப் பல லட்ச ரூபாய் பொம்மை தேவையில்லை. கறிக்கடையில் வாங்கிய ஆட்டு விலாப் பகுதி போதும். விலாவுக்கு மேலே நுரைப்பஞ்சு ஒரு அடுக்கு வைத்து ரெக்ஸின் துணியைத் தோல் மாதிரி போர்த்திவிட்டால் கிட்டத்தட்ட அதே தடை கையில் தெரியும். ப்ளூரா 'பட்'டென்று விடும் அந்த உணர்வு பிளாஸ்டிக்கில் கிடைப்பதே இல்லை. காற்றுப்பாதையைக் கழுத்தில் திறக்கப் பழகவும் ஆட்டுக் குரல்வளையைத்தான் பலர் பயன்படுத்துகிறார்கள். பொம்மை எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பதைவிட, அதில் செய்ய வேண்டிய முடிவுகள் நிஜத்தை ஒத்திருக்கின்றனவா என்பதுதான் கற்றலைத் தீர்மானிக்கிறது.

அடுத்து எண்ணிக்கை. ஒரு மணி நேரச் செய்முறை நிலையத்தில் ஓர் ஆசிரியருக்கு நான்கு பேர் என்றால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கருவி கையில் இருக்கும். பன்னிரண்டு பேர் என்றால் ஐந்து நிமிடம், அதிலும் முதல் இரண்டு பேர் தவிர மற்றவர்கள் அவசரத்தில் தொட்டுவிட்டுப் போவார்கள். ஏ.டி.எல்.எஸ். நான்கு பேர் என்று கறாராக வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். 'இந்த முறை நாற்பது பேருக்குப் பயிற்சி கொடுத்தோம்' என்ற அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எத்தனை பொம்மை, எத்தனை ஆசிரியர் என்று கேட்க வேண்டும். அந்த இரண்டு எண்ணும் இல்லாமல் நாற்பது என்பதற்கு அர்த்தமே கிடையாது.

காலத்தைப் பிரிப்பதும் இதே அளவு முக்கியம். கனடாவில் நடத்தப்பட்டு 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் 38 அறுவைப் பயிற்சி டாக்டர்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்கக் கற்றார்கள். பாதிப் பேருக்கு நான்கு அமர்வும் ஒரே நாளில். மற்றவர்களுக்கு அதே நான்கு அமர்வு வாரத்துக்கு ஒன்றாக நான்கு வாரம். பாடம் ஒன்றே, மொத்த நேரமும் ஒன்றே. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாராவாரம் கற்றவர்களே மேல். நம் ட்ராமா பயிற்சியோ காலை எட்டு முதல் மாலை ஆறு வரை இரண்டு நாள் அடைத்துத் தருவது. வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும், லீவு கிடைக்க வேண்டும் என்பதால் அதை மாற்றுவது சிரமம் என்பது புரிகிறது. ஆனால் இரண்டு நாளை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பிறகு அரை மணி நேரத் துண்டுகளாக மூன்று நான்கு அமர்வைச் சொந்த மருத்துவமனையிலேயே நடத்தலாம். அதற்கு லீவு தேவையில்லை.

ஆசிரியரைப் பற்றி ஒன்று மட்டும். நல்ல அறுவை மருத்துவர் நல்ல ஆசிரியராக இருப்பார் என்பதில்லை. கை தேர்ந்தவருக்குத் தான் செய்வது எல்லாம் ஒரே வீச்சாகிவிடும், இடையில் இருக்கும் படிகள் அவருக்கே தெரியாது. பெய்ட்டனின் நான்கு படி முறை இதைச் சரிசெய்கிறது. முதலில் பேசாமல், நிஜ வேகத்தில் செய்துகாட்டுவது. பிறகு ஒவ்வொரு படியையும் விளக்கிச் செய்வது. மூன்றாவதாகக் கற்பவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது. கடைசியில் கற்பவரே சொல்லிக்கொண்டு செய்வது. நேரம் போதவில்லை என்றால் எல்லோரும் வெட்டுவது மூன்றாவது படியை. ஆனால் 'இப்போது விரலை விடுங்கள்' என்று சொல்ல மறந்தவர் யார் என்று கருவி கைக்கு வருமுன்பே தெரிவது அந்தப் படியில்தான். கருத்துச் சொல்லும்போது 'நன்றாகச் செய்தீர்கள், இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும்' என்பது எதையும் கற்பிக்காது. 'மூச்சு நிமிடத்துக்கு 34, வலதுபக்கம் காற்று கேட்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள், பிறகு எக்ஸ்ரேக்கு அனுப்பச் சொன்னீர்கள், அந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள்?' என்று கேட்டால் தவறின் வேர் வெளியே வரும். எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தும் ஆசிரியரிடம் யாரும் வாயைத் திறந்து யோசிக்க மாட்டார்கள். வாயைத் திறக்காதவரைத் திருத்த வழியே இல்லை.

மொழியும் கூட ஒரு காரணம். கையேடு ஆங்கிலம், தேர்வு ஆங்கிலம், ஆனால் கேஷுவாலிட்டியில் கட்டளை ஓடுவது தமிழில். 'யாராவது ஒரு லைன் போடுங்க, பிளட் அனுப்புங்க' என்றால் அறையில் ஐந்து பேர் இருந்தும் லைன் விழாது. ஆளாளுக்கு அடுத்தவர் போடுவார் என்று நிற்பார்கள். 'சிஸ்டர், வலது கையில கிரே வென்ஃப்ளான் போடுங்க, போட்டதும் சொல்லுங்க' என்று ஆள், இடம், அளவு (வென்ஃப்ளானின் நிறமே அளவைச் சொல்லும்) சொல்லி, 'வலது கையில கிரே போட்டாச்சு சார்' என்ற பதில் வரும்வரை அந்த வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். இதை ஆங்கில வகுப்பில் ஆங்கிலத்தில் பழகியவர் தன் அறையில் தமிழில் செய்வதில்லை. ஒத்திகை அவர்கள் தினமும் பேசும் மொழியிலேயே நடக்க வேண்டும், கூடவே அதே செவிலியரும் அதே வார்டு ஊழியரும் இருக்க வேண்டும். டாக்டர்கள் மட்டுமே நால்வராகச் சேர்ந்து குழுவாக நடித்துப் பழகுவது, நாளை ஒரு டாக்டரும் இரண்டு சிஸ்டரும் இருக்கும் அறைக்கு உதவாது.

கருவியும் அப்படித்தான். வகுப்பில் வெல்க்ரோ வைத்த இடுப்புப் பட்டை, சொந்த மருத்துவமனையில் அது இல்லை என்றால், கற்றவர் 'இங்கே செய்ய முடியாது' என்று அந்தப் பாடத்தையே மூடிவைத்துவிடுவார். ஒரு சாண் அகலத்துக்கு மடித்த பெட்ஷீட்டை வைத்துக் கற்றுக்கொடுத்தால் எந்த ஊரிலும் செய்வார். பெட்ஷீட் போக வேண்டிய இடம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு இல்லை, தொடை எலும்பு பக்கவாட்டில் முட்டிக்கொண்டு நிற்கும் இடம். பத்தில் பல தடவை அது மேலே ஏறித்தான் கட்டப்படுகிறது. மேலே கட்டினால் உடைந்த வளையம் சரியாக மூடாது, வயிற்றையும் மறைத்துவிடும். முழங்கால்களையும் கணுக்கால்களையும் உள்பக்கம் திருப்பிச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது.

களைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரவு டியூட்டி முடித்த கையோடு பயிற்சிக்கு அனுப்பப்படும் ஹவுஸ் சர்ஜனும் பி.ஜி.யும் முதல் நாள் மதியத்துக்கு மேல் எதையும் ஏற்றிக்கொள்ள முடியாது. அன்றிரவு மறுபடி டியூட்டி போட்டால், கற்றதைப் பதியவைக்கும் தூக்கமும் போய்விடும். முந்தைய இரவும் இடைப்பட்ட இரவும் டியூட்டி இல்லாமல் பார்த்துக்கொள்வது ஒரு ரூபாய் செலவில்லாத திருத்தம்.

தேர்வு மதிப்பெண்ணை வைத்து மயங்கவும் கூடாது. கடைசி நாள் தேர்வு காட்டுவது இரண்டு நாள் நினைவை. இன்னொரு பொறியும் இருக்கிறது: பயிற்சி முடிந்ததும் நம்பிக்கை மேலே போகும், ஆனால் திறன் தேயும் வேகத்தில் நம்பிக்கை தேய்வதில்லை. ஓராண்டு கழித்து 'எனக்குத் தெரியும்' என்று முன்வருபவரிடம் தெரிந்தது பாதிதான் இருக்கும். தன்னைத்தானே மதிப்பிடுவதில் மருத்துவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்பது பல ஆய்வில் உறுதியானது. அதனால் 'உங்களுக்கு மறுபயிற்சி தேவையா?' என்று கேட்டு முடிவெடுக்கக் கூடாது, செய்துகாட்டச் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும். இறப்பு விகிதத்தை அளவுகோலாக்குவதும் சிக்கல். ட்ரினிடாடில் பயிற்சி வந்தபின் படுகாய இறப்பு பெருமளவு குறைந்ததை அலியின் குழுவே 1993-ல் காட்டியது. ஆனால் கட்டுப்பாட்டுக் குழு வைத்த ஆய்வு இல்லாததால், இறப்பைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றே, கிடைத்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வு முடித்தது. ஒரு மருத்துவமனை அளவில் அளக்கத் தக்கவை வேறு: வந்ததிலிருந்து முதல் பெரிய லைன் விழ எத்தனை நிமிடம், ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம் மூன்று மணி நேரத்துக்குள் போனதா, ஐ.சி.டி. போட்ட இடம் எக்ஸ்ரேயில் சரியா, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதுவதற்காக முதல் பரிசோதனை நின்றதா.

நடைமுறையில் எப்படி அமைப்பது என்று கேட்டால், இப்படிச் செய்யலாம். இரண்டு வாரத்துக்கு முன்பே கையேட்டைக் கொடுத்து, படித்தாரா என்று பார்க்க ஒரு முன்தேர்வு. அதில் தவறிய இடங்களை ஆசிரியர் கையில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் முன்தேர்வு வெறும் சடங்கு. நிபுணர்களையும் ஹவுஸ் சர்ஜன்களையும் ஒரே குழுவில் போடக் கூடாது. புதியவருக்கு உதவும் படிப்படியான விளக்கம் அனுபவசாலிக்குத் தடையாகும், அனுபவசாலி முன்னால் புதியவர் கருவியைத் தொடவே தயங்குவார். பயிற்சி முடிந்த முதல் வாரத்திலேயே கற்றவருக்கு ரெட் ஜோனில் டியூட்டி, மூத்தவர் ஒருவர் கூட நிற்க. அதன் பிறகு வாரத்துக்கு ஒரு கேள்வி வாட்ஸ்அப்பில்: மூன்று வரியில் ஒரு நோயாளி, அடுத்து என்ன செய்வீர்கள் என்று எழுதி அனுப்பிய பிறகே விடை. விடையோடு சேர்த்து அனுப்பினால் எல்லோரும் படித்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள், மண்டையிலிருந்து தோண்டி எடுக்கும் வேலைதான் நினைவைக் கெட்டியாக்குகிறது. ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் ஆட்டு விலாவோடு அரை மணி நேரம். தாலுகா மருத்துவமனை டாக்டருக்கு இது கட்டாயம், ரெட் ஜோன் டாக்டருக்கு ஆறாவது மாத அமர்வு மட்டும் போதும். கூடவே தாலுகா டாக்டரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் மருத்துவக் கல்லூரி ரெட் ஜோனில் நிற்கவைத்தால் 50 என்ற எண்ணிக்கைக்கு அருகிலாவது வருவார்.

இவற்றோடு மாதம் ஒரு முறை, முன்னறிவிப்பில்லாமல், அவரவர் கேஷுவாலிட்டியிலேயே பதினைந்து நிமிட ஒத்திகை. ஸ்ட்ரெச்சரில் ஊழியர் ஒருவர் நோயாளியாகப் படுத்துக்கொண்டால் போதும். முதல் ஒத்திகையிலேயே லாரிங்கோஸ்கோப் பல்பு எரியாததும், சக்‌ஷன் இழுக்காததும், ஐ.சி.டி. செட் இருக்கும் அலமாரிச் சாவி பகல் டியூட்டி சிஸ்டரோடு வீட்டுக்குப் போயிருப்பதும் தெரியவரும். அன்றைய பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரும் தேதியும் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த மாத ஒத்திகையை அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.